வாரிக் பிரிடம் நாலுக்கு ஒன்று கண்ட படலம்

கோதுமைக் கடல் நாற்றிசையும் அலைவீச, அதனிடையே தீவெனத் திகழும் டிங்கூரா என்னும் திருநகரில், புல்தரையில் பந்துருட்டும் கழகத்தின் தகரக்கூரை மண்டபத்திலே, கால் ஆடும் நாற்காலியொன்றை அரியணையாகக் கொண்டு வியாழன்தோறும் வீற்றிருந்தவரும், வீட்டு வாசல் முதல் தானியக் கிடங்கின் தளம்வரை அவ்வூர் மிதிக்கும் தரையெல்லாம் தம் கையால் காங்கிரீட் வார்த்தவரும், கலவை எந்திரத்தின் பேரிரைச்சலுக்கும் கலங்காத செவியினரும், கணக்கு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் வியர்க்கும் நெற்றியினருமாகிய வாரிக் பிரிடம் என்னும் பெருந்தகையை வாழ்த்தித் தொடங்குகிறோம். அவருக்குக் கொஞ்சம் தொப்பை உண்டு.

மழை பெய்து புல்தரை சொதசொதவென்று ஆகும் பருவத்தில் கழகத்தார் பந்தை மூட்டைகட்டிவிட்டுப் பிற்பகலில் போக்கர் ஆடுவது வழக்கம். காசு கிடையாது. பிளாஸ்டிக் வில்லைகள்தாம் படை, பரி, யானை எல்லாம். ஒரு வெள்ளத்தில் பெட்டிகள் மிதந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால், சிவப்பானாலும் நீலமானாலும் வில்லைக்கு மதிப்பு ஒன்றே என்பது அந்நாட்டுச் சட்டம். கடைசிவரை நின்றவருக்கு இறைச்சித் தட்டு பரிசு. முதலில் வீழ்ந்தவர் பின்பக்கம் போய் எல்லாருக்குமாக வெங்காயம் நறுக்கி சாசேஜ் சுட வேண்டும்.

வாரிக் ஒருநாளும் வெங்காயம் நறுக்கியதில்லை. வீரத்தால் அன்று, தயக்கத்தால். தம் முறை வந்ததும் அவர் விரல்விட்டு எண்ணுவார், மோட்டுவளையைப் பார்ப்பார், உதடு அசைப்பார், முதலிலிருந்து மறுபடி எண்ணுவார். அதற்குள் ஒருவர் வெளியே போய் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருப்பார். முடிவில் நம் நாயகர் பெருமூச்சுடன் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். எரிச்சல் மேசையைச் சுற்றி வளர்ந்தது.

அப்போது எழுந்தார் கழகத்தின் செயலாளர் நோலீன் ஸ்ட்ரகன். பின்னலூசி இரண்டையும் இரட்டை வாளெனத் தரித்தவர். கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டே எதிரிகளை முடித்துவைக்கும் இரக்கமிலி. தம் வீட்டில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் கருவியை, மஞ்சள் பிளாஸ்டிக்கில் கோழி வடிவாய் அமைந்த அந்த டிக்டிக் யமனை, மேசை நடுவில் நாட்டி அவர் அரசாணை பிறப்பித்தார்.

"இந்தா பாருப்பா வாரிக், உன் முறை வந்தா கோழியத் திருகிருவேன். ஒரே ஆட்டத்துல மூணு தடவ மணி அடிச்சா, நீ அடுத்த வாரத்துலேருந்து பிங்கோ மேசை. அங்க கூப்பிடுற நம்பர அடிச்சாப் போதும், யோசிக்கிற வேலையே இல்ல, நிம்மதியா இருப்ப."

"அங்க எல்லாரும் தூங்குறாங்க, நோலீன்."

"நீயும் தூங்கு. யார் வேணான்னா?"

சிரித்தார்கள், வாரிக்கும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் பிங்கோ மேசையே அவர் கண்முன் நின்றது. மனைவி மார்லீன் அவரை விட்டுப் பெண்டிகோ நகருக்குப் போய்விட்டபின் வாரம் முழுக்க அவரோடு பேசுவது கலவை எந்திரம் ஒன்றுதான். வியாழக்கிழமை அந்த மேசையில்தான் அவரை நாலு பேர் கிண்டல் செய்வார்கள். அது போய்விட்டால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

ஆகவே தவம் தொடங்கியது. அண்ணன் மகள் பிரான்வின் அனுப்பிய, எந்தச் சீட்டு வர எத்தனை வாய்ப்பு என்னும் விழுக்காட்டுப் பட்டியலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, பால் எடுக்கும்போதும் பாராயணம், பாலை வைக்கும்போதும் பாராயணம் என்று அவர் நோன்பிருந்தார். குவியலில் இருப்பது எவ்வளவு, அதை வெல்ல நாம் போடவேண்டியது எவ்வளவு, வேண்டிய சீட்டு வரும் வாய்ப்பு எவ்வளவு. இம்மூன்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒத்துப்பார்ப்பதே வித்தை. பத்தொன்பது புள்ளி ஆறு விழுக்காடு என்பது காலையில் மண்டைக்குள் நுழையும். மதியச் சாப்பாட்டுக்குள் காணாமல் போய்விடும்.

அருள் கிட்டியது தானியக் கிடங்கின் வாசலில். எந்திரத்துக்குள் மண்வெட்டியால் மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், நாலு மணல், ஒரு சிமெண்ட் என்று வாய்க்குள் முனகிய அக்கணமே சிலையாகி நின்றார். ஒரே இனத்தில் ஐந்து சீட்டுச் சேர்க்க ஒன்றே ஒன்று குறையும்போது, வரவேண்டியிருப்பதும் கடைசிச் சீட்டு ஒன்றே என்றால், உதவும் சீட்டு ஒன்பது, உதவாத சீட்டு முப்பத்தேழு. ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. பட்டியல் சொன்னதும் அதுதான், வேறு வேடத்தில். நடுக்குவியல் மணல், தாம் போடுவது சிமெண்ட். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கைவிட மணல் கூடுதலா, ஊற்று. குறைவா, மூட்டையைக் கட்டு. தவிரவும் மணலை எந்தக் கொத்தனார் எண்ணினான்? குவியலைப் பார்த்தாலே இத்தனை வெட்டு என்று முப்பது வருடமாக அவர் கண் சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்று போட்ட கலவை இறுகிப்போனது, மறுபடி போட்டார்.

வந்தது வியாழன். தகரக்கூரையில் மழை முரசறைய, சீட்டுப் பகிரும் டெஸ் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்ட, போர் மூண்டது. புது வித்தை கையில் படியுமுன்பே பழைய விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கியதால், முதல் சுற்றிலேயே கோழி மணி அடித்தது. பிறகு இன்னொரு முறையும் அடித்தது.

"ரெண்டு," என்றார் நோலீன், பின்னலிலிருந்து தலை தூக்காமல்.

இன்னொன்று அடித்தால் அடுத்த வாரம் பிங்கோ.

அந்நிலையில் அவர் கைக்கு வந்தன இரண்டு ஆர்ட்டின். எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரிந்த நாலு சீட்டில் மேலும் இரண்டு ஆர்ட்டின் செவ்வானமெனச் சிவந்து கிடந்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராய்ச் சீட்டைக் கவிழ்த்துப் புறங்காட்ட, களத்தில் எஞ்சியவர் இருவர். நோலீன் எட்டு வில்லைகளைக் குவியலின் ஓரத்துக்குத் தள்ளினார். வாரிக்கிடம் மிச்சமிருந்ததும் அதே எட்டு; வில்லை முழுதும் இழந்தவர் அன்று அதுவரை எவருமில்லை. பெருமாட்டியின் விரல் கோழியைத் திருகிற்று.

டிக்டிக்கென்றது கோழி. வாரிக்கின் சுட்டுவிரல் எண்ணுவதற்காகப் பழைய வழக்கப்படி எழுந்தது. அதை அவர் மறுகையால் பிடித்து மேசைக்கடியில் சிறைவைத்தார். பின்பு தலையைச் சற்றே சாய்த்து, மண்வெட்டியோடு மணல்மேட்டைப் பார்ப்பதுபோல் குவியலைப் பார்த்தார். எட்டு வில்லை ஒரு வெட்டு என்றால், நாலு வெட்டு. சரியாக நாலு, மேலே இல்லை. லாபமுமில்லை, நட்டமுமில்லை. கவிழ்த்துவிடலாமா என்று கை சீட்டை நோக்கி நகர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: நோலீன் இப்போது தள்ளிய எட்டைத் தாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. மேட்டில் கொட்டியபின் யார் வீட்டு லாரியில் வந்தால் என்ன, எல்லாம் மணல்தானே? நாலும் ஒன்றும் ஐந்து வெட்டு, தம்மிடமோ ஒரு வெட்டு சிமெண்ட். ஊற்று என்றது கண்.

"நான் வர்றேன்," என்று எட்டையும் தள்ளினார் வாரிக்.

கோழி இன்னும் டிக்டிக்கென்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தும் பழக்கம் யாருக்குமே இல்லாததால் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் டெஸ். "ஏம்ப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அஞ்சுக்கு ஒண்ணு இருக்கு, டெஸ். நாலு இருந்தாலே போதும். சீட்டப் போடு."

நோலீனின் ஊசிகள் நின்றன. அவை நின்று அம்மேசையில் எவரும் கண்டதில்லை. உதடு அசையாமல் குவியலை அவரும் ஒருமுறை அளந்தார். பிறகு வாரிக்கை அளந்தார்.

"சரியாத்தான் சொல்றான்," என்றார்.

அவ்வொரு சொல்லில், மூடியிருந்த கோட்டைக் கதவம் திறந்தது. பிங்கோ மேசையின் இருள் விலகிற்று. கால் ஆடும் அரியணை மீண்டும் அவருடையதாயிற்று. வாரிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் தும்முவதுபோல் பாவனை செய்தார்.

டெஸ் கடைசிச் சீட்டைத் திருப்பினார். கிளாவர் ஏழு. நோலீனிடம் ஜாக் இரண்டு இருந்தன. வாரிக்கிடம் சேராத சீட்டுகள்தாம் இருந்தன. குவியல் முழுவதும் பின்னல் கூடையின் பக்கம் ஊர்ந்து சென்றது.

"கணக்குல தப்பே இல்லப்பா," என்றார் நோலீன் வில்லைகளை அடுக்கிக்கொண்டே. "அஞ்சு தடவ இப்படியே வந்தா ஒரு தடவ என் தோல உரிச்சிருவ. அடுத்த வாரம் சீக்கிரம் வந்துரு, இன்னா?" பிறகு அந்தக் கோழியை எடுத்து, மணி அடிக்குமுன் அணைத்து, மேசைக்குக் குறுக்கே வாரிக்கின் கையில் கொடுத்தார். "இது இனிமே இங்க எதுக்கு? எடுத்துட்டுப் போ, சாசேஜ் கருகாமப் பாத்துக்கலாம்."

ஐந்துக்கு ஒன்றைக் கண்ணால் அளந்தவரும், கோழியை வென்றவரும், பிங்கோவின் பிடியிலிருந்து தம்மைத் தாமே மீட்டவரும், டிங்கூராப் பேரவையில் நிலைபெற்ற இருக்கையை உடையவருமாகிய வாரிக் பிரிடம், மழை முரசு ஓயாது ஒலிக்க, மேசையோர் அனைவரும் வியந்து நோக்க, மெல்ல எழுந்தார்.

பின்கட்டுக்குப் போய் வெங்காயம் நறுக்கினார்.