திருகாணி நிறுத்திய பரிசம்

விதிமுறைகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான் அவற்றை அதிகம் மீறுகிறார்கள். அவை மற்றவர்களுக்காக எழுதப்பட்டவை என்ற நினைப்பு. அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த எனக்கு அந்த நினைப்பு சற்றுக் கூடுதல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் குறட்டை முற்றிப்போயிருந்தது. "கொறட்டை கெடக்கட்டும், நடுவுல மூச்சே நிக்குது. திரும்ப வருமா வராதான்னு ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்று மனைவி அழுதாள்.

பதுளையில், வெளிநாட்டில் படித்து வந்த பல் வைத்தியர் ஒருவர் எனக்கொரு கருவி செய்து தந்தார். மேல் பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, இடையில் திருகாணி. (எலிப்பொறி மாதிரி இருக்கும்.) தூங்கும்போது அது கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடித்தால் தொண்டை அடைக்காதாம். வாரத்துக்கு ஒரு கால் சுற்றுத்தான் திருக வேண்டும். காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்களைக் கடித்துத் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கா தெரியாது?

அப்போதுதான் தங்கை மகள் சரோஜாவுக்குப் பரிசம் வந்தது. லுணுகலைப் பக்கம் தங்கையின் லயத்துக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் பெரகலயிலிருந்து முந்தின நாளே வந்து பக்கத்துக் காம்பராவில் தங்கிவிட்டார்கள். லயம் என்பது சுவரோடு சுவர் ஒட்டிய அறைகளின் வரிசை; இந்தக் காம்பராவில் தும்மினால் அந்தக் காம்பராவில் 'நூறு' என்பார்கள். தாய்மாமன் குறட்டை சம்பந்திகள் காதில் விழலாமா? ஒரு மாதத் திருகை ஒரேயடியாகத் திருகிவிட்டுப் படுத்தேன்.

காலையில் கண்ணாடியில் வேறு யாரோ இருந்தார். கீழ்த்தாடை மேல் உதட்டைத் தாண்டி மேசை இழுப்பறைபோல வெளியே நின்றது. கடித்துப் பார்த்தேன்; கடைவாய்ப் பற்கள் சந்திக்கவே மறுத்தன. "பயப்படாதே" என்று மனைவியிடம் சொல்லப் போனேன். எச்சில்தான் வந்தது.

"ஐயையோ! சபையில வாயத் தொறந்துறாதீங்க" என்றாள்.

தாய்மாமன் பரிசத் தட்டைத் தொடாமல் எதுவும் நடக்காது. மாப்பிள்ளையின் அப்பா முத்தையா கங்காணி தட்டை நீட்டினார். நான் கைக்குட்டையால் வாயை ஒற்றியபடி, கொஞ்சம் பொறுங்கள் என்று தலையை அசைத்தேன்.

சபையில் கிசுகிசுத்தார்கள்.

"கிளாக்கரய்யா மொகத்தத் தூக்கி வச்சிருக்காரு."

"முறையா வெத்தல வச்சு அழைக்கலையோ?"

வெற்றிலை வைத்து மறுபடி அழைத்தார்கள். தாடை இறங்கவில்லை.

கங்காணிக்கு வியர்த்தது. "ஐயாவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் மெதுவாக. "ஆபீஸ்ல இருக்கறவரு, எல்லாப் பேப்பரும் ஒங்க கண்ணுல படும். ஆமாங்க, நாங்க குடும்பத்தோட இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பேர் குடுத்தாச்சு. மகனுக்கும் பாஸ்போட் வந்திருச்சு. தாலி கட்டுன பொறகு சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

எனக்கு எதுவும் தெரியாது. அதிர்ச்சியில் வாய் இன்னும் பிளந்தது. கடுங்கோபம் என்று எண்ணி அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"இருக்கறது ஒத்தப் புள்ள! சொல்லாமக் கொள்ளாமக் கப்பல் ஏத்தப் பாத்தீங்களா?" என்று தங்கை கத்தினாள்.

உள்ளேயிருந்து சரோஜா வந்தாள். நேரே மாப்பிள்ளையிடம், "ஒங்களுக்கும் தெரியுமா?" என்றாள். அவர் தரையைப் பார்த்தார். தட்டைக் கங்காணி கையிலேயே அழுத்தி வைத்தாள். "கேட்டிருந்தா நான் வந்தாலும் வந்திருப்பேன். கேக்கலையே. போயிட்டு வாங்க."

"வாயத் தொறக்காமலே உண்மைய வரவச்சிட்டீங்களே, அண்ணே!" என்று தங்கை என் காலில் விழப் போனாள். மத்தியானம் தாடை இடத்துக்கு வந்ததும் திருகாணிக் கதையை எல்லோருக்கும் விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. தன்னடக்கம் என்றார்கள்.

சரோஜா பிறகு பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தச் சம்பந்தம் பேசினாலும் என்னை முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். முறைகளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. "மாமா, பேசிறாதீங்க. தாடைய மட்டும் கொஞ்சம் நீட்டிக்கிட்டிருங்க" என்பாள் சரோஜா.

அவள் மகளைப் பெண் பார்க்க வந்தபோது நான் கொட்டாவிதான் விட்டேன். மாப்பிள்ளையின் அப்பா பதறி எழுந்து நின்றார்.

"ஆமாங்க, பையன் வயசக் கொறச்சுத்தான் சொன்னோம்."