கரண்டி தேடுகிறவர்கள்

தாங்கள் கொண்டுவந்த கிண்ணத்துக்குள்ளேயே செருகி வைத்திருக்கும் கரண்டியைக் காணவில்லை என்று, சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் தேடுகிறவர்களைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கரண்டி வேண்டாம். தங்கள் பதார்த்தம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெறுமனே எட்டிப் பார்த்தால் மானம் போய்விடாதா? அதற்குத்தான் கரண்டி.

இந்த இனத்தில் ஆண், பெண், பெரிய உத்தியோகம், சின்ன உத்தியோகம் என்ற பேதமே கிடையாது. நான் எங்கே நின்று பார்க்கிறேன் என்கிறீர்களா? எங்கள் அலுவலகத்து மூன்றாம் மாடிச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால். அங்கே நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. அங்கிருந்து எல்லாரும் தெரிவார்கள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அரைநாள் வேலை. அன்று பதினோரு மணிக்கு, காலைச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாத, மதியச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாத ஒரு சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். ஆனால் எங்கள் சமையலறையில் மைக்ரோவேவையும் தண்ணீர்க் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் மாடி முழுக்க மின்சாரம் போய்விடும். ஒருமுறை போனபோது மேலாளர் பாதி அடித்து வைத்திருந்த கடிதமும் சேர்ந்து போயிற்று. அன்றைக்கே கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்: 'முந்தின நாளே செய்து வைத்ததாக இருக்க வேண்டும். இங்கே எதையும் சூடு பண்ணக் கூடாது.'

மற்றவர்கள் அதைக் கட்டளையாகப் படித்தார்கள். நம் இனம் வரமாகப் படித்தது. பின்னே? ஆறிப்போச்சு என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. வேகவில்லையா, அது கடிபட வேண்டும். குழைந்துவிட்டதா, நன்றாக ஊறியிருக்கிறது. உப்பே இல்லையா, ஆரோக்கியம்.

எங்கள் இடத்தில் இந்த இனத்தின் திலகம் தபால் பிரிவு மேற்பார்வையாளர் அம்மாள். முன்னால் மேடம், பின்னால் ஓட்ஸ் மேடம். பத்தே முக்காலுக்கு வந்து, அடுத்தவருடைய பாஸ்தா சாலட்டைப் பின்னுக்குத் தள்ளி, பழத் தட்டை ஓரங்கட்டி, தட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு நேரே, யாரும் தாண்டிப் போக முடியாதபடி தன் கிண்ணத்தை நிறுத்தி, மூடியைத் திரை விலக்குவது போல மெல்ல விலக்குவார். உள்ளே இருப்பது பாலில் ஊறிய ஓட்ஸ். போன மாதமும் அதுதான். பதினோரு மணிக்கெல்லாம் அது சுவர் பூசுகிற பதத்துக்கு வந்திருக்கும்.

"என்ன சார், ஒரு கரண்டியோட நிறுத்திட்டீங்க?"

"டயட்ல இருக்கேன் மேடம்," என்றார் ஒருநாள் கணினிப் பிரிவுக்காரர்.

"அப்ப உங்களுக்குன்னே செஞ்சது. தட்ட நீட்டுங்க. சூடே பண்ண வேண்டாம், அப்படியே முழுங்கலாம்."

தட்டு நீண்டது. வாயில் வைத்து விழுங்குவதற்குள் அடுத்த கேள்வி. "எப்படி இருக்கு?"

"வித்தியாசமா இருக்கு மேடம்."

வித்தியாசம் என்ற சொல்லை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அரை மணி கழித்து அந்தத் தட்டு என்னிடம் வந்தது. ஓட்ஸின் மேல் காகிதக் கைக்குட்டையைத் தலையோடு கால் போர்த்தியிருந்தார்கள்.

கிண்ணத்தில் மிஞ்சுவது? அதுவும் என்னிடம்தான். 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா' என்று முதல் தடவை மேடம் கேட்டபோதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. நான் ஆறோடு நின்றுவிட்டேன். என் டப்பாவில் வாங்கிக்கொண்டேன். வீட்டில் பெரியவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, இது எந்த வியாதிக்கு?" என்றாள். திங்கட்கிழமை மேடத்திடம், "பிள்ளைங்க நல்லா சாப்பிட்டாங்க மேடம்," என்றேன். அடுத்த மாதம் கிண்ணம் பெரிதாகிவிட்டது.

"உங்க பிள்ளைங்களுக்குன்னே சேத்துப் போட்டேன் அக்கா!"

காலிக் கிண்ணத்துக்கு ஏன் இத்தனை பாடு? அவர் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது போனில் பேசுவதைக் கேட்டால் தெரியும். "ஒரு கரண்டிகூட மிச்சமில்ல அத்தை. வழிச்சுட்டாங்க." வீட்டில் அடுப்பு மாமியாருடையது. இருபது வருஷமாக மருமகளை அதன் பக்கம் விட்டதில்லை. அடுப்பு வேண்டாத இந்த ஒன்றுதான் மேடத்துடையது. அதற்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒரே சாட்சி, அந்தக் காலிக் கிண்ணம்.

போன வருஷம் ஒருநாள் அவருடைய வீட்டுக்காரர் அழைத்துப்போக வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நான் இன்னும் டப்பா எடுக்கவில்லை. கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மேடம் மூடியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அட, இன்னைக்கு மிச்சம் இருக்கே! வீட்டுக்கு வெறும் கிண்ணம்தான் வருது. நானும் எங்கம்மாவும் இதுவரைக்கும் வாயிலயே வெச்சதில்ல," என்று வீட்டுக்காரர் கரண்டியை எடுத்தார். அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

"வேணாங்க, ரொம்ப நேரமாத் திறந்திருக்கு..."

ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். ஓட்ஸை மெல்ல வேண்டியதில்லை; ஆனாலும் மென்றார். மேஜையைச் சுற்றிப் பதினேழு பேரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள். ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"பிரமாதம். ஆனா வீட்டுக்கு வேணாம். இவங்க எல்லாம் இவ்வளவு ஆசையாச் சாப்பிடறாங்க, இவங்களுக்கே செஞ்சு குடு."

மேடத்துக்கு உயிர் வந்தது. "அக்கா, டப்பா எடுங்க," என்றார். எடுத்தேன்.

நான் யோக்கியமா? இந்த வருஷம் மேலாளர், "நீங்களும் ஏதாவது கொண்டுவாங்கக்கா," என்றார். உருளைக்கிழங்கும் முட்டையும் முந்தின நாள் சாயங்காலமே வேகவைத்து, கெட்டித் தயிரில் மிளகுத்தூள் போட்டுப் பிசைந்து, குளிர வைத்து, மேஜையின் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். பதினொன்றரைக்குக் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு மேஜையருகே நின்றேன்.

"என்னக்கா வேணும்?" என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

"கரண்டி," என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன விருந்தில் உங்கள் கிண்ணமும் காலியாகத்தானே திரும்பி வந்தது? அதைக் கழுவியவளைக் கேட்டீர்களா?

இப்போது ஓட்ஸ் இரண்டு கிண்ணமாக வருகிறது. என்னுடையது ஒன்று. மூன்றும் காலியாகத்தான் வீட்டுக்குப் போகின்றன. சமையலறைக் குப்பைத்தொட்டியைப் போன மாதம் பெரிதாக மாற்றியிருக்கிறார்கள்.