அஞ்சலைக்கு ஒரு பொறுமையான வூடு

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பூனை இந்த வூட்ட வுட்டுப் போகணும். போகல, நான் கண்டக்டர் ராஜாக்கண்ணு இல்ல!"

ராஜாக்கண்ணு இப்படி முழங்கி முடிக்கவில்லை, பின்னறைப் பரணிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு உருண்டு விழுந்தது. அதன் பின்னாலேயே ரெண்டு முறம். கடைசியாக, ஏதோ ஒன்று தன்னைத்தானே சுவருக்குள் திணித்துக்கொள்ளப் பார்க்கிற பிறாண்டல்.

நீலாவதி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ராஜாக்கண்ணு பயந்து வந்தது அந்த ஒன்றுமில்லாத முகத்துக்குத்தான். கரண்டியைக்கூட அவர் சமாளித்துவிடுவார்.

"இன்னா சொன்னீங்க?"

"பூனை போகணும்னேன்."

"போகட்டும். யார் வேணாம்னா? அத மெதுவாச் சொல்லுங்க. அதுக்கு நெஞ்சு வெடிச்சிடப் போவுது."

ராஜாக்கண்ணுவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லித் தெரியாது. ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் நின்று "போளூர், போளூர், போளூர்!" என்று அவர் கூவினால், மலைக்குக் கீழே போளூரில் இருக்கிறவர்கள் "இதோ, இங்கதான் இருக்கோம்" என்று திரும்பிப் பார்ப்பார்கள் என்பார் டிரைவர் கிருஷ்ணன். வீட்டில் அவர் தண்ணி கேட்டால் பக்கத்து வீட்டுத் திரௌபதி சொம்போடு வந்து நிற்பாள். கதவைச் சாத்தினால் ஓடு சரியும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தப் பூனை வந்து சேர்ந்திருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கண்ணமங்கலத்துக்கு மாற்றல். அந்த மனுஷர், வைத்தியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பி வராமலே போனவர்களின் பிராணிகளையெல்லாம் பின்பக்கக் கொட்டகையில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அவர் புறப்பட்டதும் கால் ஒடிந்த ஆட்டை ஒருவர் ஓட்டிப்போனார். ஒற்றைக்கண் கோழி யார் வீட்டுக் குழம்பிலோ கொதித்தது. மிஞ்சியது இந்தப் பூனை. சாம்பல் நிறம். ஒரு காதை நாய்கள் கடித்துப் பிய்த்துவிட்டிருந்தன. மனுஷக் குரல் கேட்டால் போதும், இண்டு இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டு நாள் முழுக்க நடுங்கும்.

"இதுக்கு மருந்தெல்லாம் இல்லம்மா," என்றாராம் டாக்டர். "பொறுமையான வூடு ஒண்ணு கெடச்சா பொழைச்சிக்கும்."

நீலாவதி அதைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அஞ்சலை என்று பேரும் வைத்தாள்.

"பயந்து சாவுது. அதுக்குப் போயி அஞ்சலையா?" என்று கேட்டார் ராஜாக்கண்ணு.

"அஞ்சல, அஞ்சலன்னு சொல்லிக்கினே இருந்தா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அஞ்சாதுங்க."

சொம்பு விழுந்த அன்றைக்கு ஒப்பந்தம் ஆனது. பொறுமையான வீட்டை அவர் தேட வேண்டியது. அந்த வீட்டுக்காரர்களைக் கேள்வி கேட்டுச் சரிபார்க்க வேண்டியது அவள். அதுவரைக்கும் வீட்டில் ஒருத்தரும் குரல் உயர்த்தக் கூடாது.

"ரூமுக்குள்ள போனா பரணுக்கு முதுகு காட்டி உக்காரணும். நிமிந்து பாக்கவே கூடாது. கண்ணப் பாத்தா அடிக்க வர்றாங்கன்னு நெனச்சிக்குமாம். சும்மா உக்காந்து மெதுவா எதுனா படிங்க. கொரல் பழகிடும். டாக்டர் சொன்னாரு."

"நான் எதுக்கு உக்காரணும்?"

"உங்க கொரலுக்கே பழகிடுச்சின்னா ஊர்ல வேற எந்த வூட்டுக்கும் அது பயப்படாதில்ல?"

ராஜாக்கண்ணுவுக்கே அது நியாயமாகப் பட்டது.

முதலில் வனக்காவலர் அருணகிரியைக் கூட்டிவந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு.

"வூட்ல நாய் உண்டாங்க?" என்றாள் நீலாவதி.

"ரெண்டு இருக்கும்மா. ரொம்ப நல்ல நாயிங்க. கடிச்சாகூட மெதுவாத்தான் கடிக்கும்."

அடுத்தது டீக்கடை கெங்கம்மாள். "எங்க கடையில எலித் தொல்லை தாங்கல. குடு, எலி புடிக்கட்டும்."

"எலி வந்தா அதுக்கு எடம் வுட்டுத் தள்ளி உக்காந்துக்கும் எங்க அஞ்சல. வேணாங்கா."

மூன்றாவதாகப் போளூரிலிருந்து ஒரு வாத்தியாரையே மலையேற்றிக் கொண்டுவந்தார். சாந்தமான மனுஷர், எழுந்து நின்றுதான் பேசுவார். அவரையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"அவருக்கு இன்னாடி கொறைச்சல்?" என்று ராஜாக்கண்ணு கிசுகிசுத்தார். அந்த நாளுக்குள் அவருக்குக் கிசுகிசுப்பு வந்துவிட்டிருந்தது.

"காபி கொஞ்சம் லேட்டானதுக்கே வாட்ச்ச மூணு தபா பாத்தாரு. பூனை பரண வுட்டு எறங்க மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் எத்தினி தபா பாப்பாரு?"

இப்படியே ஐப்பசி கழிந்தது. ராஜாக்கண்ணு செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். கதவைக் குழந்தையைக் கிடத்துவது போலச் சாத்தினார். காபி வேண்டுமானால் அடுப்படி வரைக்கும் நடந்துபோய்க் காதோரம் கேட்டார். டூட்டி முடிந்து வந்ததும் பின்னறைக்குள் போய், பரணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேப்பர் படித்தார். காலையில் பால் தட்டு காலியாக இருந்தால் வாசலிலிருந்தே நீலாவதிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பரணில் எப்போதாவது லேசாகச் சலசலக்கும். அப்போது அவருக்கு முதுகெல்லாம் சிலிர்க்கும்.

பேப்பர் தீர்ந்துபோகிற நாட்களில் சொந்தச் சங்கதி பேசினார்.

"அஞ்சல, யார்கிட்டயும் சொல்லாத. அந்தப் பெரிய கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸு திரும்பறப்ப நான் கண்ண மூடிக்கிறேன். இத்தினி வருசமா. டிரைவருக்குத் தெரியாது."

இன்னொரு நாள், "நீலா வெக்கிற கொள்ளுக் குழம்பு இருக்குதே, எங்கம்மாவுக்கே அப்படி வராது. அவகிட்ட சொன்னா தலைமேல ஏறிக்குவா. அதான் சொல்லல."

வீட்டில் சத்தம் அடங்கியபோதுதான் நீலாவதி மாவாட்டும்போது வாய்க்குள் பாடுவாள் என்பதே அவருக்குக் காதில் விழுந்தது. நன்றாகத்தான் பாடினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆதிநாராயணன் அகப்பட்டார். போளூர்க்காரர், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் அவர் டிக்கெட் கேட்ட குரலுக்கு ராஜாக்கண்ணு குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. சம்சாரம் தவறிப்போனதிலிருந்து தனி ஆள். வீட்டில் சத்தம் போடுகிறது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான், அதுக்கும் சாவி கொடுப்பதை விட்டுவிட்டாராம்.

"சார், உங்களுக்குப் பூனை புடிக்குமா?"

"ரொம்ப நாளா ஆசை தம்பி. கூப்பிட்டா வராது, தொட்டா ஓடிடும்னு சொல்றீங்க. பரவால்ல. எனக்கு ஒரு வேலையும் இல்ல. அது எறங்கி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

ராஜாக்கண்ணுவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "நாளைக்கி சந்தை. எனக்கும் லீவு. மத்தியான பஸ்ல மேல வந்துடுங்க. கூடையோட வாங்க."

வீட்டில் சொன்னதும் நீலாவதி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள்.

"இன்னா நீலா, பேச்சக் காணோம்?"

"நல்ல மனுசனாத்தான் தெரியறாரு. வரட்டும்."

ஜெயித்துவிட்டார். ஆனால் ராத்திரிச் சோறு உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் காலையில் தூறல். பனி ஊரையே மூடியிருந்தது. நீலாவதி பையை எடுத்துக்கொண்டாள்.

"சந்தைக்குப் போய்ட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் ரூமுக்குள்ள போகாதீங்க. அது இன்னிக்கி ஒரு மாதிரியா இருக்குது."

அவள் தெருமுனை தாண்டினதும் ராஜாக்கண்ணு ரூமுக்குள் போனார். சொல்லிக்கொள்ளாமல் எப்படி அனுப்புவது? வழக்கம்போல முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"அஞ்சல. உனக்கு வூடு பாத்தாச்சி. சத்தமே கெடையாது. மீனு வாங்கிப் போடுவாரு. நான் போளூர் போறப்பல்லாம் வந்து பாக்கறேன், இன்னா?"

சலசலப்பு இல்லை. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. சட்டத்தை மீறித் திரும்பினார். சாமை மூட்டைமேல் ஏறி, பரணுக்குள் தலையை நீட்டினார்.

முறம் இருந்தது. பழைய சிம்னி விளக்கு இருந்தது. ஒரு கோணி இருந்தது.

பூனை இல்லை.

காற்றில் ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது. நேற்றுச் சாயங்காலம் பேப்பர் படிக்க வெளிச்சம் போதவில்லை என்று அதைத் திறந்தவர் அவர்தான். கொக்கி போட்டோமா? போட்ட ஞாபகமே இல்லை.

வெளியே சந்தைக் கூட்டம், ஜீப்பு, நாய்கள். அதுவோ ஒரு தும்மலுக்கே செத்துப் பிழைக்கிற ஜீவன். நீலாவதிக்கு என்ன பதில்? கூடையோடு வரப்போகிற மனுஷருக்கு என்ன பதில்? அதையெல்லாம் விட, இந்த மழையில் அது எந்தப் புதரில் கிடந்து நடுங்குகிறதோ!

பனியனோடு, செருப்பில்லாமல், கையில் பால் தட்டோடு ஓடினார். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் இன்னும் தூரம் ஓடிவிடும். அதனால் சந்தை நடுவில், புளி மூட்டைகளுக்கும் தேன் டின்களுக்கும் இடையில் குனிந்து குனிந்து, "அஞ்சல... அஞ்சல கண்ணு..." என்று கொஞ்சிக்கொண்டே போனார்.

கெங்கம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "யோவ் கண்டக்டரே! இந்த ஊர்ல அஞ்சலைன்னு நாலு பேரு இருக்காளுங்க. நீ எவளத் தேடறே?"

சிரிப்பு எழுந்தது. அவர் நிற்கவில்லை. அருணகிரி எதிரே வந்தார்.

"பூனையா? காலையில ஓடைப் பக்கம் எங்க நாயிங்க ரெண்டும் எதையோ பாத்துக் கொலைச்சிக்கினு நின்னுதுங்க. இன்னான்னு நான் போயிப் பாக்கல."

ராஜாக்கண்ணு ஓடைக்கு ஓடினார். செந்தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. அக்கரை முள்வேலியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. அசையவில்லை. பால் தட்டைக் கரையில் வைத்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரு தரம் சறுக்கி விழுந்து எழுந்தார். கிட்டே போய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை நீட்டித் தொட்டார்.

கிழிந்த கோணித் துண்டு.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மேட்டில் ஒரு வீடு தெரிந்தது. மங்கம்மாள் வீடு. சாமையும் தேனும் விற்க வருகிற மலைக்காரப் பொம்பளை. புருஷன் சின்னதம்பியும் அவளும் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சு ஒரு உள்ளங்கையில் அடங்கும் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம் என்று ஏறினார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மங்கம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே நீலாவதி உட்கார்ந்திருந்தாள். நீலாவதி மடியில், ஒன்றரைக் காதோடு, உருண்டு திரண்டு, ஒரு சாம்பல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க சார்," என்றாள் மங்கம்மாள். "இன்னா, ஓடையில வுழுந்துட்டியா?"

ராஜாக்கண்ணு பூனையைப் பார்த்தார். நீலாவதியைப் பார்த்தார். மறுபடி பூனையைப் பார்த்தார்.

"இது... இது எப்ப இங்க வந்துது?"

"சாமை அறுப்புக்கு முன்னாடியே வந்துட்டுதே," என்றாள் மங்கம்மாள். "அந்தச் சொம்பு வுழுந்த மறுநாளே இவதான் கொண்டாந்து வுட்டா. வந்த அன்னிக்கே நான் பாட்டுக்கு வேலையப் பாத்தேன். அதும் பாட்டுக்கு எறங்கி வந்துட்டுது."

"நீலா. அப்ப பாலு?"

"காபிக்கு ஊத்திட்டேன். நீங்கதான குடிச்சீங்க."

"பரண்ல சத்தம் கேட்டுதே?"

"எலிங்க."

அப்படியானால் அவர் கண்டக்டர் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஐப்பசி முழுக்க ஒரு எலிக்குப் பேப்பர் படித்துக் காட்டியிருக்கிறார்.

"அப்ப நான் உள்ள உக்காந்து பேசினதெல்லாம்?"

நீலாவதி பூனையின் பிய்ந்த காதைத் தடவினாள். "நம்ம ரூமு மண்ணு செவுருதானேங்க. அந்தப் பக்கம் உக்காந்து மாவாட்டினா நல்லாக் கேக்கும். இன்னிக்கும் கொள்ளுக் குழம்புதான் வெச்சிருக்கேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கி நீங்க செருப்பத் தெருவுலயே கழட்டிட்டு வந்து, காதுகிட்ட காபி கேட்டீங்க. மறுநாளும் கேட்டீங்க. சரி, இன்னும் ஒரு நாள் பாப்போம்னு வுட்டுட்டேன்."

"கூடையோட ஒரு மனுசன் மலையேறி வந்துக்கினு இருக்காரே! அவருக்கு இன்னா பதிலு?"

"இங்க எதுத்த வூட்ல ஒரு பூனைக்குட்டி இருக்குது. பயம்னா இன்னான்னே தெரியாது அதுக்கு. பேசி வெச்சிட்டேன். அதுக்குத்தான் காலையிலேயே வந்தேன். பாவம், யாருமில்லாத மனுசன். சாப்ட்டுட்டே போகட்டும்."

ராஜாக்கண்ணுவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இத்தனை நாள் அடக்கிவைத்த மொத்தக் குரலையும் திரட்டினார். பஸ் நிறுத்தத்தில் மூச்சு வாங்குவதுபோல நெஞ்சு நிறைய வாங்கினார். வாயைத் திறந்தார்.

அந்த நேரம் அஞ்சலை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஓடவில்லை. ஒண்டவில்லை. சேறும் தண்ணியுமாக நிற்கிற அந்த ஆளை நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டது.

"நீலா," என்றார் ராஜாக்கண்ணு. கிசுகிசுப்புதான் வந்தது. இன்னொரு தரம் முக்கிப் பார்த்தார். அதுவும் கிசுகிசுப்பாகவே வந்தது.

மங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சார், தொண்டை கட்டிக்கிச்சா? மொளகுக் கஷாயம் வெக்கட்டா?"

"வேணாங்கா," என்றாள் நீலாவதி. "தொண்டை இப்பத்தான் சரியா இருக்குது."