பதுளை ரயிலில் ஒரு வகுப்பறை

"இந்த வருசம் பிள்ளைக்கு ரியூசன் இல்லை. ரயில்தான் பள்ளிக்கூடம்" என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். மகள் லக்சனா கைதட்டினாள். அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. அதோடு ரியூசன் அவளை விழுங்கிவிடும். அதற்குள் ஒருக்கா அவளோடு பதுளை ரயிலேறி மலைநாட்டைப் பார்த்துவிட வேணும். துறைமுகக் கந்தோரில் வாற போற கப்பலையெல்லாம் பதிகிற எனக்கு, கந்தளாய்க்கு அங்கால் ஒரு ஊரும் தெரியாது. வெட்கம்தான், என்ன செய்ய.

மனைவி புஸ்பராணி ரீச்சர். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தால், "நல்ல யோசனை. ஆகஸ்ட் லீவில போவம். அரசாங்கம் எனக்குத் தாற இலவச ரயில் வாரண்ட் சும்மாதானே கிடக்கு" என்றாள்.

அப்போதே நான் உசாராகியிருக்க வேணும்.

"ஆனா ஒண்டும் விசாரிக்காமல் வெளிக்கிட ஏலாது. ரயில் நேரத்தை ஸ்ரேசனில போய்க் கேட்டிட்டு வாங்கோ."

லீவு போட்டுப் போனேன்.

"கிண்ணியாவில உங்கட சிநேகிதர் றிஸ்வி பதுளையில வேலை செய்தவரெல்லோ? குளிர் எப்பிடியெண்டு கேளுங்கோ."

"போனில கேக்கலாமே?"

"குளிரைப் போனில காட்ட ஏலுமே?"

நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு லீவு. றிஸ்வி தந்த ஸ்வெட்டரைக் கிண்ணியா வெயிலில் போட்டுப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. கழற்ற மனம் வரவில்லை. லக்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடப்பதாகவே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பெரிய பை கந்தளாயில் மச்சாள் வீட்டில் இருந்தது. அதற்கும் லீவு. இப்படியே ஒவ்வொரு அலுவலுக்கும் லீவு போட்டுப் போட்டு ஆகஸ்ட் வந்தது.

பயணத்துக்கு லீவு கேட்டுப் போனேன். கந்தோரில் எனக்கு மேலதிகாரி குலசிங்கம் ஐயா. "இந்த வருச லீவு முழுக்க முடிஞ்சுதே, தம்பி" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். புஸ்பராணி திகைக்கவில்லை. உடுப்பு ஏற்கெனவே அடுக்கியிருந்தது, இரண்டு பேருக்கு மட்டும்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்."

"ஏனப்பா?"

"நீங்கள் வந்தால் குசினியும் கூட வரும். சோத்துப் பார்சல், சுடுதண்ணிப் போத்தல், உங்கட மீன்குழம்பு எல்லாம் நான்தான் செய்து தூக்க வேணும். எனக்கும் ஒருக்கா யன்னலோரம் சும்மா இருந்து மலை பார்க்க ஆசையப்பா."

அந்த ஆசை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பையை நானே ஸ்ரேசனுக்குத் தூக்கிப் போனேன். றிஸ்வியின் ஸ்வெட்டர் புஸ்பராணிக்கு அளவாக இருந்தது. ரயில் அசைந்தது. லக்சனா யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஒவ்வொரு ஸ்ரேசனிலயும் அம்மா உங்களுக்குப் போன் எடுத்து அந்த ஊரைப் பற்றிப் பாடம் சொல்லுவாவாம். நாங்கள் திரும்பி வந்தவுடன உங்களுக்குப் பரீட்சை. பெயில் எண்டால் ரியூசனாம்."