தலை நிற்காத கேமரா

டைமர் ஓடி முடிந்து 'க்ளிக்' என்றது. சிரித்த முகத்தோடு எல்லாரும் ஓடிவந்து கேமராவைச் சூழ்ந்துகொண்டார்கள். படத்தில் சிரித்த முகம் ஒன்றுகூட இல்லை. நாலு ஜோடிக் கால்கள் மட்டும் அருமையாக விழுந்திருந்தன.

"என் கால் நகம்கூடத் தெளிவா தெரியுது," என்றார் மாமியார். அது பாராட்டா, குத்தலா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ட்ரைபாட் மூன்று காலையும் அகட்டிக்கொண்டு திடமாகத்தான் நின்றது. அதன் உச்சியில் கேமராவைத் தாங்கும் பால் ஹெட்டில்தான் வினை. கேமராவை வேண்டிய பக்கம் சாய்த்துக் குமிழை இறுக்கினால், உள்ளே இருக்கும் உருண்டை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். இது பிடிக்கவில்லை. அவர் இறுக்கிவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்பதற்குள், மீட்டிங்கில் தூங்கி விழும் மேனேஜர் மாதிரி கேமரா மெல்லத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வாரம் தங்கிவிட்டு, பெட்டியோடு வாசல் வரைக்கும் போய்விட்ட மாமனாரிடம், "குடும்பமா ஒரு போட்டோ எடுத்துட்டுப் போலாமே மாமா" என்றார். ஒரு பேச்சுக்குச் சொன்னார் ஐயா, வெறும் பேச்சுக்கு! மாமனார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர்கள் வந்த நாளிலிருந்தே படுக்கையறை அவர்களுக்கு, ஹால் சோபா இவருக்கு. சோபாவோ இவரைவிட ஒரு முழம் குட்டை. கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டதில், பேங்கில் வாடிக்கையாளர் எல்லாரையும் இவர் சந்தேகமாகப் பார்ப்பதாகப் புகார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி, சமையலறையில்.

"மரியாதைக்குச் சொன்னா, உங்கப்பா அப்படியே உக்காந்துடறதா?"

"மெதுவாப் பேசுங்க! காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவாங்க."

இதுதான் அநியாயம். கஷ்டப்படுகிறவன் மெதுவாகப் பேச வேண்டுமாம்.

மறுநாள் புது பால் ஹெட் வாங்கக் கிளம்பினார். மாமனாரும் செருப்பை மாட்டிக்கொண்டார். கடைக்காரர் நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்து, "உங்க லென்ஸ் என்ன கனம் இருக்கும் சார்?" என்று கேட்டார். முறையான கேள்வி. அதற்குள் மாமனார், சின்னதாகச் சிவப்பாகப் பளபளத்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

"மாமாவுக்கு அது பிடிச்சிருக்கு. அதையே குடுங்க."

"சார், அது சின்னக் கேமராவுக்கு..."

"மாப்பிள்ளை கேக்கறார்ல, குடுங்க தம்பி," என்றார் மாமனார்.

பெரியவர் கையில் எடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மாப்பிள்ளைக்கு நா எழவில்லை. மாப்பிள்ளை கேட்டதை மறுக்க மாமனாருக்கும் எழவில்லை. கடைக்காரருக்கு எழுந்தது, அவரை யார் மதித்தார்கள்?

சாயங்காலம் எடுத்த படத்தில் முழங்கால் வரைக்கும் தெரிந்தது.

"முன்னேற்றந்தான் மாப்பிள்ளை," என்றார் மாமனார். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுபடியும் கடை. இந்தத் தடவை மாப்பிள்ளை உஷாராக, "மாமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? நல்லா கனமா இருக்கறதா பாருங்களேன்."

கடையிலேயே கனமானதைக் கேட்டார் மாப்பிள்ளை. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது யானைப் பாரம் சார். உங்க ஸ்டாண்டு தாங்காது. திருகாணியும் இதுக்குச் சேராது, நடுவுல ஒரு மரை வளையம் போட்டாகணும்."

"போட்டுக்கலாம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வளையத்தை மாமனாரே குறடால் திருகினார். கோணலாக ஏறி, பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. "சரியாத்தான் இருக்கு மாமா," என்று மாப்பிள்ளை சொன்னார். வேறென்ன சொல்வது? பெற்ற பெண்ணைக் கொடுத்த மனுஷனைப் பார்த்து, உமக்குத் திருகக்கூடத் தெரியவில்லை என்றா சொல்ல முடியும்?

டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து நின்றார். இந்தத் தடவை கேமரா குனியவே இல்லை. தலைக்கனம் தாங்காமல் ட்ரைபாடே மூன்று காலோடும் சாய்ந்தது. பிடிக்கப் பாய்ந்த மாப்பிள்ளையின் கால் கட்டைவிரல் மேல் அந்த யானைப் பாரம் இறங்கியது. படத்தில் கூரை விசிறி வெகு தெளிவாக இருந்தது.

"விசிறியைத் துடைக்கணும்டி," என்றார் மாமியார் மகளிடம்.

அதற்கடுத்த நாள் மாப்பிள்ளை காலில் கட்டோடு, தனியாக, நொண்டிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். பால் ஹெட்டை மேசையில் டங்கென்று போட்டார். கேமரா பை வாங்க வந்திருந்த ஒருவர் பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"என்னய்யா கடை நடத்தறீங்க? நிக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுக்கத் துப்பில்லையா?"

"சார், நான் அன்னைக்கே..."

"பேசாதீங்க! என் வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியுமா? சொந்தக் கட்டில் இருந்தும் சோபாவுல சுருண்டு கிடக்கறேன். கழுத்து போச்சு, இப்ப காலும் போச்சு. எல்லாம் இந்த உருண்டையால! போட்டோ எடுக்காம அந்த மனுஷன் வீட்டைவிட்டு நகர மாட்டேங்கறார். வாயைத் திறந்து கிளம்புங்கன்னு சொல்ல முடியுமா? நீங்க சொல்வீங்களா உங்க மாமனார்கிட்ட?"

அடக்கி வைத்திருந்த அத்தனையும் கொட்டியதில் மூச்சு வாங்கியது. கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"காலையில உங்க மாமனாரும் இதே நாற்காலியில உக்காந்து அழாத குறையா சொன்னார் சார், 'நல்லதா ஒண்ணு குடு தம்பி, போட்டோ எடுக்காம மாப்பிள்ளை எங்களை ஊருக்குப் போக விடமாட்டேங்கறார்'னு."