லிஃப்டில் நேரம் போகாதது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, கல்யாணம் நின்றுவிடவில்லை. இந்த வரி எழுதும்வரை நிற்கவில்லை. நீயும் அத்தானும் நலமாக இருங்கள்; குடும்பத்தில் யாராவது நிம்மதியாக இருக்க வேண்டுமே.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் அம்மாவும் நானும் அவர்கள் குடியிருப்பு லிஃப்டில் மாட்டிக்கொண்டது உனக்குத் தெரியும். அரை மணிக்கும் மேல். அத்தனை நேரமும் அத்தை பேசினார். பீரோவில் எந்தத் தட்டில் எந்தப் போர்வை, துவைக்கும் மெஷின் வாங்கிய கதை, அது பழுதான கதை, பழுது பார்க்க வந்தவரின் மாமனார் கதை. வெளியே வந்ததும் குடியிருப்பு மேலாளர் ஒரு ஃபார்மை நீட்டினார். "இங்கிலீஷ்ல எழுதுங்க. நல்லா உறைக்கிற மாதிரி. அப்பதான் கம்பெனிக்காரன் லிஃப்டை மாத்துவான்." இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். நேரம் ஊர்ந்தது என்று எழுதினேன். 'எண்ட்லெஸ்' போட்டேன், போதவில்லை, முடிவே இல்லாதது என்பதற்கு இன்னும் கனமான 'இன்டர்மினபிள்' போட்டேன், கூட இருந்தவரின் பேச்சால் ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகமாக நீண்டது என்றும் எழுதிவிட்டேன். தமிழில் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். ஆங்கிலத்தில் யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. பேனாவை வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை.

"என்னம்மா எழுதியிருக்க? படிச்சுச் சொல்லு, கேட்டுட்டுப் போடறேன்."

ஃபார்மை ஏற்கெனவே படித்துவிட்ட அவருடைய மகன் கூரையைப் பார்த்தார்.

"உங்ககூட பேசிட்டு இருந்ததுல நேரம் போனதே தெரியலன்னு எழுதியிருக்கேன் அத்தை."

"அப்ப லிஃப்டை எதுக்கு மாத்துவான்?"

நான் ஃபார்மைத் திருப்பிப் பார்த்தேன்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஆறு மாடி நான் ஏறணுமா? நேரம் போகவே இல்லன்னு எழுது. நீ வாட்சையே பாத்துட்டிருந்த. பதினேழு தடவை. எண்ணினேன்."

வாட்ச் கட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"பேச்சை நிறுத்தினா மூச்சு அடைச்சிரும்னு எனக்குப் பயம். அதான் பீரோவைக்கூட விடல."

பிறகு உள்ளது உள்ளபடி, வரி விடாமல் தமிழில் சொன்னேன். யுகத்தையும் சொன்னேன். மகனின் பார்வை கூரையிலிருந்து இறங்கவே இல்லை. அத்தை முழுவதும் கேட்டார். "மாமனார் கதைய சீக்கிரமே முடிச்சேனே" என்றார். யோசிக்கணும் என்று ஃபார்மை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யோசிப்பது லிஃப்டைப் பற்றியா என்னைப் பற்றியா தெரியவில்லை. இரண்டு நாளாகிறது. போன் இல்லை. இந்த இரண்டு நாளுக்கு எந்த மொழியிலும் என்னிடம் சொல் இல்லை.

அத்தானுக்கு வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அத்தையே வந்துவிட்டார், ஃபார்மோடு. மேலாளரிடம் கேட்டாராம்; மாட்டியிருந்த நேரத்துக்கான கட்டத்தில் எத்தனை நிமிடம் என்று எண்ணில் போட்டால் போதுமாம், கதை வேண்டாமாம். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு 35 என்று போட்டேன்.

"அவ்வளவுதானா ஆச்சு?" என்றார்.

"எனக்கும் நம்பிக்கை இல்ல அத்தை."

கையெழுத்துப் போட்டார். "கல்யாண மண்டபம் தரைத்தளத்துலயே பாரு" என்றார். நான் மண்டபத்துக்குப் போன் செய்து கேட்டேன்.