கையை எடுத்தால் அலற வேண்டும்

வயிற்றுவலி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில்தான் அழகுமுத்துவுக்குச் சந்தேகம்.

"வலது பக்கம், தொப்புளுக்குக் கீழ," என்றான் அடுத்த வீட்டுச் சிவசாமி. போன வருஷம் டவுன் ஆஸ்பத்திரியில் குடல்வாலை எடுத்துக்கொண்டு வந்தவன். அந்த விஷயத்தில் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் அனைத்துக்கும் அவன் சொன்னதுதான் சட்டம். "அமுக்கும்போது பேசாம இருக்கணும். கைய எடுத்தாங்கன்னா அலறணும்."

"அமுக்குறப்பதானேடா வலிக்கும்?"

"அது பொய் வலி. நெச வலின்னா, கைய எடுக்கிறப்பதான் உசுரு போகும்."

அழகுமுத்துவின் மனைவி பூரணி அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்ததால் தோட்டத்து மருத்துவச்சி கைவிரித்துவிட, லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பெண் பிறந்து ஒரு வாரம் என்று மட்டும் செய்தி வந்தது. முன்பு பிறந்த இரண்டும் அவன் முகம் பார்க்கும் முன்பே போய்விட்டன. இதையாவது பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அது தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் லீவு கேட்டபோது கங்காணி இராமையா, "பிள்ள எங்கடா ஓடிப்போகுது? வெட்டு முடியட்டும்," என்றார். நோயாளி என்றால் மட்டும் வேலையும் நிற்கும், லொறியும் கிடைக்கும்.

தோட்டத்து மருந்து ஐயா இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். அழகுமுத்துவைப் பலகையில் படுக்கவைத்து அடிவயிற்றை அமுக்கினார். அவன் பேசாமல் கூரையைப் பார்த்தான். கையை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற மூடுபனி கலைந்துபோகும்படி அவன் அலறினான்.

"கடவுளே! லொறியைக் கூப்பிடுங்கோ! இனிச் சுணங்கினால் ஆள் தப்பாது!"

சாக்குகளின் மேல் மல்லாந்து படுத்துப் போனான் அழகுமுத்து. மலைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் இறங்கிக் கரைந்தன. தலவாக்கலைப் பக்கம் ரயில் ஒன்று கூவியது. எந்த உலகத்தில் ஓடுகிறது என்று தெரியவில்லை. அவனுக்குத் தானாகச் சிரிப்பு வந்தது.

"வலி எப்பிடிப்பா?" என்று திரும்பினான் டிரைவர் சின்னத்தம்பி.

"அம்மா!" என்றான் அழகுமுத்து அவசரமாக.

ஆஸ்பத்திரி வாசலில் வலியை இறக்கிவைத்துவிட்டு, நைசாகப் பிள்ளைப்பேற்று வார்டுக்கு நழுவிவிடுவதுதான் திட்டம். ஆனால் கட்டிலில் போட்டதுமே பெரிய டாக்டர் வந்துவிட்டார். சிங்களவர், பேச்சுக் குறைவு. அவர் சொல்வதை வார்டு வேலையாள் செல்லசாமி தமிழில் சொன்னான். டாக்டர் அமுக்கினார், எடுத்தார். வேண்டாம் என்று நினைப்பதற்குள் பழகிய வாய் அலறிவிட்டது.

டாக்டர் ஏதோ சொன்னார்.

"கிழிக்கணுமாம்," என்றான் செல்லசாமி.

அழகுமுத்து எழுந்து உட்கார்ந்தான். "எனக்கு இப்ப வலியே இல்லீங்க! சுத்தமா நின்னுருச்சு!"

அதைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது.

"வலி திடீர்னு நின்னா குடல்வால் வெடிச்சிருச்சுன்னு அர்த்தமாம். ஒடனே கிழிக்கணுமாம்."

"ஐயோ, நான் பொய் சொன்னேங்க! எம் பொஞ்சாதி இங்கதான் இருக்கா. பிள்ளையப் பாக்க வந்தேன்!"

செல்லசாமி ஒரு சொல் விடாமல் சொன்னான். டாக்டர் இரக்கத்துடன் தலையை ஆட்டினார்.

"வெசம் தலைக்கு ஏறிருச்சாம். இப்படித்தான் பொலம்புவாங்களாம்."

இனிப் பேசிப் பயனில்லை என்று கட்டிலிலிருந்து குதித்து ஓடினான். அப்போதுதான் கழுவிய தரை. வழுக்கி விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். டாக்டருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

முகத்தில் ஒரு மூடியை வைத்தார்கள். இனிப்பான வாடை. விளக்கு தூரத்து நிலாவாகச் சிறுத்தது.

கவ்வாத்து வெட்டிய மலையில் அவன் மட்டும் நின்றான். வெட்டிய கிளைகளிலெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழுந்து துளிர்த்தது. யாரோ ஒரு சின்னக் கொழுந்து மூட்டையைக் கொண்டுவந்து அவன் நெஞ்சில் வைத்தார்கள். மூட்டைக்குள் இரண்டு கறுத்த கண்கள். அது அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. பிறகு மழை பெய்தது. அந்த மலையில் யாருமே கண்டிராத வெதுவெதுப்பான மழை.

கண் திறந்தபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். செல்லசாமி சொன்னான்: "குடல்வால்ல ஒரு கொறையும் இல்லையாம். ஆனா தெறக்காம விட்டு, நீங்க செத்திருந்தா என்ன செய்யிறதுன்னு கேக்குறாரு."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"பூரணியப் பாக்கணும்," என்றான் அழகுமுத்து.

"அவங்களுக்கு இன்னைக்கு டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியாச்சு. நீங்க வந்த லொறிதான் அவங்களை ஏத்திக்கிட்டுப் போகுது."

"அப்ப நான் தோட்டத்துலயே இருந்திருந்தா?"

"சாயந்தரம் லயத்து வாசல்லயே பிள்ளையக் கையில வாங்கியிருக்கலாம். இனித் தையல் பிரிக்கிற வரைக்கும் அசையக் கூடாது."

அழகுமுத்துவின் கண்கள் நிறைந்தன. "எனக்குக் குடுத்துவச்சது கனவு மட்டுந்தான். நெஞ்சுல ஒரு கொழுந்து மூட்டை... வெதுவெதுன்னு மழை..."

செல்லசாமி மடித்துவைத்த சட்டையை உதறினான்.

"மழையுமில்ல, கனவுமில்ல. ஒங்க பொஞ்சாதி கொண்டாந்து ஒங்க நெஞ்சுல போட்டாங்க. மக ஒண்ணுக்குப் போயிட்டு இப்பத்தான் லொறி ஏறுனா. கையத் தூக்குங்க, சட்டைய மாத்தணும்."